சின்னராசு காரில் போட்ட சத்தம்

கார் மெக்கானிக்குக் கையைவிடக் காதுதான் முக்கியம். அதிலும் கொடைக்கானலில் மேகம் இறங்கிவிட்டால் கண்ணுக்குச் சோலியே கிடையாது. பெருமாள்மலையில் ஒரு ஜீப் இருமினால், என் பட்டறையில் உட்கார்ந்தபடியே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். பழைய கார் வைத்துக்கொண்டு அவதிப்படும் அன்பர்களே, அப்பேர்ப்பட்ட காதையே குழப்பிய கதை இது.

கீச்கீச்

பூண்டியில் வெள்ளைப்பூண்டு விவசாயம் பார்க்கும் சின்னராசு, அப்பா காலத்துக் காரை வெள்ளனே கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமை பழனியில் மகளுக்குக் கல்யாணம். பெண்ணை அந்தக் காரில்தான் மலையிறக்க வேண்டும். "எறக்கத்துல சத்தம் போடுதுண்ணே" என்றார்.

பானெட்டைத் திறந்தேன். ஃபேன் பெல்ட் கீச்சிட்ட கீச்சில், சுற்றுவட்டாரக் கிளிகளெல்லாம் சொந்தக்காரர் வீடு என்று மட்கார்டில் வந்து உட்கார்ந்துவிட்டன. பெல்ட்டை மாற்றினேன். மறுநாள் சின்னராசு திரும்ப வந்தார்.

"கிளியெல்லாம் போயிருச்சுண்ணே. சத்தம் போடுறது அப்படியேதான் கெடக்கு."

கடகட

இன்னும் நன்றாகக் குடைந்தேன். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் ஓர் எலி படிக்கணக்கில் பூண்டு சேர்த்து வைத்திருந்தது. அதுதான் கடகடவென்று உருண்டது. இஞ்சின் சூட்டில் பூண்டு வதங்கிய வாசனைக்கு, பக்கத்து டீக்கடைக்காரர் ரசம் என்று நினைத்துச் சோற்றுத் தட்டோடு வந்துவிட்டார். அவ்வளவையும் வழித்தெடுத்தும் சின்னராசு முகம் தெளியவில்லை. எப்படிப்பட்ட சத்தம்தானப்பா என்று கேட்டேன்.

"மொதல்ல முணுமுணுன்னு இருக்கும். வளைவு வந்தா ஓங்கிக் கேக்கும். வண்டிய நிப்பாட்டினாலும் வெரசா அடங்காதுண்ணே."

நிறுத்திய பிறகும்

நிறுத்திய பிறகும் கத்துகிற இஞ்சினா? குழம்பிப்போய் என் காதிலேயே எண்ணெய் விட்டுப் பார்த்தேன். கல்யாணமோ நெருங்கிவிட்டது. நானே வடகவுஞ்சி வரை ஓட்டிப் போனேன். தொட்டில் குழந்தை மாதிரி சமர்த்தாக வந்தது. சின்னராசு சிரித்தார்.

"நீங்க ஓட்டினா எப்படிண்ணே சத்தம் போடும்?"

வடகவுஞ்சி இறக்கம்

"அப்ப நீயே ஓட்டு. பாரத்துக்கு வீட்டாளுகளையும் ஏத்து" என்றேன். மறுநாள் நான் முன்சீட்டில் உட்கார, பின்னால் அவர் மனைவி பேச்சியம்மாவும் கல்யாணப் பெண்ணும் ஏறினார்கள். இறக்கம் வந்ததும் சின்னராசு, டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் தள்ளி இஞ்சினையும் அணைத்துவிட்டார். கார் உருண்டோடியது. பிரேக்கை மிதிக்க மிதிக்கக் கருகல் வாசனை. வளைவில் பேச்சியம்மா போட்ட சத்தத்தில் மேகம் ரெண்டாகக் கிழிந்து கீழே பழனி தெரிந்தது.

"கேட்டீங்களாண்ணே? இதேதான்! வண்டியில ஏதோ கோளாறு இருக்கப்போயித்தானே அது இப்படிக் கத்துது?" என்றார் சின்னராசு.

எங்கள் பக்கம் வண்டியும் 'அது'தான், வீட்டுக்காரியும் 'அது'தான். இத்தனை நாளும் சத்தம் போட்டது எந்த 'அது' என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரங்கட்ட வைத்தேன். "எறக்கத்துல இஞ்சின் ஓடணும்யா, ரெண்டாவது கியர்ல! அதுதான் வண்டியப் பிடிச்சு நிறுத்தும்" என்றேன். பேச்சியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அதத்தானே நானும் தலபாடா அடிச்சுக்கிறேன்? இஞ்சின் சத்தம் போட்டா நான் எதுக்குச் சத்தம் போடப்போறேன்?"

வெள்ளிக்கிழமை அந்தக் கார் பெண்ணோடு பழனி வரை உறுமிக்கொண்டே இறங்கிச் சேர்ந்தது. அன்றிலிருந்து யார் சத்தம் என்று வந்தாலும், பானெட்டைத் திறக்கும் முன் பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.