ஏறுவதற்கு முன் ஒரு குரல்

தலைமன்னாரில் பழைய இறங்குதுறைக்குப் போகும் வழியில், ஒரு வீட்டு வளவுக்குள் நாற்பத்தைந்து அடி இரும்புக் கம்பம் ஒன்று நிற்கிறது. அதை நட்டவன் நான்தான். வீட்டுக்காரர் கப்பலில் றேடியோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முறைப்படி அனுமதி எடுத்து, தன் அறையில் இருந்தபடியே வேறு நாட்டு ஆட்களோடு றேடியோவில் கதைப்பார். நான் அவரை ஐயா என்று கூப்பிடுவேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து மடுப் பக்கம் குடியேறியது. தொலைபேசிக் கோபுரங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் கூலிவேலையில் உயரம் பழகியது. மேலே போய்விட்டால் யாரோடும் பேசத் தேவையில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். கீழே வாய் திறந்தால் என் பேச்சைக் கேட்டு ஆட்கள் சிரிப்பார்கள். அவர்கள் "வாறன்" என்கிற இடத்தில் நான் "வர்றேங்க" என்பேன்.

கடற்கரையில் கம்பம் நட்டால் வேலை ஒருநாளும் முடியாது. உப்புக்காற்றில் போல்ட்டுகள் துருவேறி ஊதிவிடும். உச்சியில் இருக்கும் அன்ரனாவின் அலுமினியக் குழாய்களைக் காகங்கள் கூட்டமாக இருந்து வளைத்துவிடும். கேபிள் மூட்டுக்குள் ஈரம் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறுவேன்.

முதல்நாளே ஐயா சொல்லிவிட்டார்.

"இஞ்ச கிணத்தடி எல்லாம் ஓலையால அடைச்சிருக்கு, தம்பி. ரோட்டில நிக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாது. மேல நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். பனை ஏறுறவையும் குரல் குடுத்திட்டுத்தான் ஏறுவினம். நீயும் குடுக்கோணும்."

சொன்னாரே தவிர, ஒவ்வொரு முறையும் அவரே வேலியோரம் போய், "ஆள் ஏறுது, பிள்ளையள்!" என்று சத்தம் போடுவார். பக்கத்து வீட்டு மருமகள், "ஓம் ஐயா" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் இடுப்புப் பட்டியைக் கட்டுவேன். அவள் புருசன் கடற்தொழில் செய்பவன். அவள் சில நாட்களில் வேலிக்கு மேலால் ஐயாவுக்கு மீன்குழம்பு நீட்டுவாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அன்று ஐயா மன்னார் ஆஸ்பத்திரிக்கு மாதக் கிளினிக்குக்குப் போயிருந்தார். போகும்போது, உச்சியில் வெள்ளை பூத்துப்போன கேபிள் மூட்டைக் கழற்றி மாற்றச் சொன்னார். நான் வேலியோரம் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? "ஆள் ஏறுது" என்றால் நான்தானே ஆள். "ஏறப்போறேங்க" என்றால் சிரிப்பார்கள். ஐம்பது வயதை நெருங்கும் மனிதன் ஒரு ஓலை வேலிக்கு முன்னால் அப்படி நின்றேன். கடைசியில் ஸ்பானரால் கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். இது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

நான் பார்க்க ஏறவில்லை. உச்சியில் ஒரு நட்டைக் கழற்றும்போது அது கைதவறி, பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் டங்கென்று விழுந்தது. எங்கே விழுந்தது என்று குனிந்தேன். கிணற்றடியில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் என்னைக் கண்டாள். கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நான் கம்பத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, இறங்கவும் தெரியாமல் நின்றேன்.

பின்னேரம் அவள் புருசன் வாசல் படலைக்கு வந்தான். பின்னால் அவன் தாய். ஐயா அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்திருந்தார்.

"ஐயா, உங்கட கம்பத்தில குரங்கு ஏறி நிண்டு என்ர மனிசியைப் பாக்குது. கம்பத்தை வெட்டுறதோ, குரங்கை வெட்டுறதோ?"

ஐயா என்னைப் பார்த்தார். "குரல் குடுத்தனியா, தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்தான்.

"குடுத்தேங்கய்யா. ரெண்டு தடவை. காத்துல கேக்கல போல."

தாய்தான் பேசினாள். மருமகளோடு அவளுக்கு ஏற்கெனவே ஆகாது.

"ஓமோம், குசினிக்க அடுப்படியில நிண்ட எனக்கே ஏதோ கேட்டது. கிணத்தடியில நிண்டவளுக்குக் கேக்கேல்லையோ? பிறகு என்னத்துக்கு அதில நிண்டவள்?"

நான் கூப்பிடவே இல்லை. கூப்பிடாத குரல் அந்தத் தாய்க்குக் கேட்டிருக்கிறது! புருசன் என்னை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தான். பிறகு திரும்பி வீட்டுக்குள் போனான். பழி என்னை விட்டு எங்கே போகிறது என்று அந்த நேரமே எனக்கு விளங்கியது. விளங்கியும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மனதுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்தது. அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த முறை நான் போனபோது வேலிக்கு மேலால் குழம்பு வரவில்லை. கிணற்றடியில் யாரும் குளிக்கவில்லை. மருமகள் தண்ணீரை அள்ளி அள்ளி வீட்டுக்குள் கொண்டுபோவது ஓலை இடுக்கால் தெரிந்தது. கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கு நான் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தபோது மாமியாரின் குரல் கேட்டது.

"பாத்துப் போடி. மேலயிருந்து ஆரும் கூப்பிட்டாலும் உனக்குத்தான் காது கேளாதே."

வாளி கல்லில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கிறீஸ் கையோடு ஐயாவின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"அன்னைக்கு நான் கூப்பிடலைங்கய்யா."

அவர் றேடியோவை நிறுத்தினார். "மூண்டு மாசம். அந்தப் பிள்ளை என்ர முகத்தைப் பாக்கிறதில்லை. நானும் காத்துத்தான் காரணம் எண்டு இருந்திட்டன்." பிறகு இடுப்பில் சாரத்தைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "நட. என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?"

புருசன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். மாமியார் வாசற்படியில் இருந்தாள். உள்ளே மருமகள் நிற்பது தெரிந்தது. ஐயா, "சொல்லு" என்றார். அவர்கள் சிரிக்கும் என் பேச்சிலேயே சொன்னேன். குரல் கொடுக்கவில்லை, கம்பத்தில் தட்டினேன், அதுவும் மெதுவாக, பிறகு பொய் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மாமியார் எழும்பிக் குசினிக்குள் போனாள்.

புருசன் வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருந்தா அடி உனக்கு விழுந்திருக்கும்" என்றான்.

எனக்கு விழுந்திருக்க வேண்டியது யாருக்கு விழுந்தது என்று நான் கேட்கவில்லை. உள்ளே நின்றவள் நகர்ந்துவிட்டாள்.

அந்தக் கம்பத்தில் இப்போதும் ஏறுகிறேன். ஐயா வீட்டில் இருந்தாலும் நானே வேலியோரம் போகிறேன். "ஏறப்போறேங்க!" என்று கத்துவேன். பதில் வரும்வரை பட்டியைக் கட்டுவதில்லை. சில நாட்களில் மாமியார், "ஓம், ஏறு" என்பாள். சில நாட்களில் புருசன் இருமுவான். மருமகள் அந்தப் பக்கம் நிற்பது ஓலை இடுக்கால் தெரியும் நாட்களும் உண்டு. அப்போது நிலத்தைப் பார்த்தபடி நான் காத்திருப்பேன். அவளிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை.