லேபிள் கிழித்த பாட்டில்கள்

போடியில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானும் அவர்களில் ஒருவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். மலையில் மழை உண்டா என்று கேட்டால் சொட்டுக்கூட இல்லை என்போம், சட்டை நனைந்திருக்கும். காய் எப்படி என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவோம். என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம், வேப்பெண்ணெய். காலையில் டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பத்துப் பேரும் வேப்பெண்ணெய்க்காரர்கள். கேட்பவனும் பொய் என்று தெரிந்தேதான் கேட்பான், தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பான்.

எனக்குக் குரங்கணிக்கு மேலே ஆறு ஏக்கர் இருக்கிறது. ராசிங்காபுரத்திலிருந்து ஜீப்பில் பன்னிரண்டு பேர் வேலைக்கு வருவார்கள். ஏலக்காயில் பூச்சி சுரண்டினால் தோல் சொறிபிடித்துவிடும், அப்புறம் அந்தக் காயை ஏலத்தில் யாரும் சீந்தமாட்டார்கள். அதற்கு நான் மூன்று விஷங்களை ஓர் அளவில் கலந்து வைத்திருந்தேன். இரண்டு வருஷம் செடிகளைக் கருக்கிக் கண்டுபிடித்த அளவு. கடையிலிருந்து பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளைச் சுரண்டி, வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்பது. பிறகு மூன்றையும் ஒரு வெள்ளைக் கேனில் ஊற்றி மலைக்கு அனுப்புவேன். ஒரு டிரம் தண்ணீருக்கு எத்தனை மூடி என்பது மட்டும் ஆட்களுக்குத் தெரியும்.

இந்த ஊரில் லேபிளைக் கிழிக்காத தோட்டக்காரன் கிடையாது. காரணம் எளிது. இன்று என் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள் நாளை பக்கத்துத் தோட்டத்தில் அடிப்பான். அவன் வாயில் பெயர் ஏறிவிட்டால் வேலி தாண்டிவிடும். எனக்குப் பக்கத்துத் தோட்டம் என் மனைவியின் அண்ணனுடையது. மற்றக் குடும்பங்களில் மச்சான்மார் சொத்துக்குச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து கறி தின்றுகொண்டே ஒருவரையொருவர் வேவு பார்த்தோம். அவர் ஒருமுறை என் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் காலால் கிளறியதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அதுவரை என் தோட்டத்தில் தொழிலாளர் பாதுகாப்பு என்றால் இரண்டு வாழைப்பழம், ஒரு சொம்பு மோர். மருந்தடித்த அன்று சாயங்காலம் அதைக் கொடுத்தால் உள்ளே போன விஷம் முறிந்துவிடும் என்று யாரோ சொல்லி எல்லோரும் பிடித்துக்கொண்டோம். நான் அதை முழுதாக நம்பியவன் இல்லை, ஆனாலும் மறக்காமல் கொடுத்துவந்தேன்.

பிறகு காய் வாங்குகிற ஏற்றுமதிக்காரர்கள் ஒரு ஃபைல் கேட்டார்கள். தோட்டத்தில் ஆட்களின் உயிருக்கும் உடம்புக்கும் என்னென்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று அதில் இருக்க வேண்டுமாம். அந்த ஃபைலைச் செய்து கொடுக்க மதுரையிலிருந்து ஓர் ஆள் வந்தான். தேய்த்த சட்டை, கழுத்தில் தொங்கும் கார்டு. காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசலைத் தாண்டி அவன் ஒரு செடியைக் கூடப் பார்க்கவில்லை, காலில் அட்டை ஏறிவிடும் என்று பயம். ஃபைல் ஏற்கெனவே தயாராக இருந்தது. என் பெயரை மேலே ஒட்டினான், அவ்வளவுதான். ஏழாவது பக்கத்தில் ‘திரி முறுக்கும் அறை’ என்று ஒரு தலைப்பு இருந்தது. எந்தப் பட்டாசுக்காரனுக்குச் செய்ததோ. நான் அதைச் சுட்டிக் காட்டியதற்கு, இதையெல்லாம் யார் சார் படிக்கப்போறாங்க என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, எனக்கும் அதே எண்ணம்தான்.

மருந்தடிக்கிற ஆட்களுக்குக் கோட்டு, கையுறை, முகமூடி, கண்ணாடி, பூட்ஸ் கொடுத்த மாதிரி போட்டோ வேண்டும் என்றான். நான் ஒரே ஒரு செட் வாங்கினேன். பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து அதே கோட்டைப் போட்டுக் கழற்றி, அதே பூட்ஸில் காலை நுழைத்து, பம்பைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் கூட அவர்கள் அவ்வளவு உற்சாகமாக நின்றதில்லை. முகம் முழுக்க மூடியிருக்கிறதே, ஒரே ஆளைப் பன்னிரண்டு தடவை எடுத்திருக்கலாமே என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. அரை நாள் வேலை வீணாகிவிட்டதே என்று அப்போது வருந்தியதும் நினைவிருக்கிறது.

கடைசியாக நின்றவன் வழக்கமாக மருந்தடிப்பவன். ஆறு வருஷமாக என் தோட்டத்தில் மருந்து பீய்ச்சும் ஓஸ் குழாயின் முனையைப் பிடிப்பது அவன்தான். அவன் மனைவியும் அங்கேயே காய் எடுப்பாள். போட்டோ முடிந்ததும் கோட்டைக் கழற்றாமல் நின்றான். இதைப் போட்டுக்கிட்டே அடிக்கவா என்று கேட்டான்.

“கறையாயிரும்ப்பா. கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் நீயே வச்சுக்க” என்றேன்.

கம்பெனிக்காரர்கள் யாரும் வரவில்லை. ஃபைலைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். கோட்டு பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் ஸ்டோரில் ஆணியில் தொங்கியது. ‘பயன்படுத்தும் ரசாயனங்கள்’ என்ற கட்டத்தில் என் கைப்பட வேப்பெண்ணெய் என்று எழுதியிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டில் சுரைக்காய் கூட இல்லை. ஆனால் என் கங்காணிக்கு மட்டும் அந்த ஃபைல் மேல் அபார மரியாதை. தினமும் தூசி தட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

ஆவணியில் இரண்டு நாள் மழை விட்டது. விட்ட நேரத்தில் வெரசா அடித்துவிடச் சொல்லி நான் போடியிலிருந்து போன் போட்டேன். ஓஸ் இணைப்பு ஒன்று அந்த மருந்தடிப்பவன் தோளுக்குப் பக்கத்தில் ஒழுகியிருக்கிறது. பிளாஸ்டிக் பையைக் கிழித்துக் கட்டிவிட்டு அடித்திருக்கிறான். முதுகு முழுக்க ஊறிய சட்டையோடு காலையிலிருந்து நின்றவன், பதினோரு மணிவாக்கில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான். நேற்றுக் குடித்தது தெளியவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்களாம். கங்காணியும் அதையே சொன்னாராம். கீழ்ச்சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவிதான் ஓடிவந்து பார்த்து, வாயில் நுரையையும் கை நடுக்கத்தையும் கண்டு, சட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு ஓடைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறாள். அன்று அந்த மலையில் சரியான காரியம் செய்த ஒரே ஆள் அவள்.

என் ஜீப் கீழே போயிருந்தது. மச்சான் அவருடைய ஜீப்பைக் கொண்டுவந்து, அவனையும் மனைவியையும் கங்காணியையும் ஏற்றிக்கொண்டு குரங்கணி ரோட்டில் ஒரே மூச்சாக இறங்கிவிட்டார். நான் போன் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலில் நின்றேன். ஜீப் வந்தது. அவன் முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் தண்ணீர் புரளுகிற சத்தம் கேட்டது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஊசி போடச் சொல்லிவிட்டு, என்ன மருந்து அடித்தார் என்று கேட்டார். கங்காணி காத்திருந்ததுபோல் முன்னால் வந்தார். அந்த அவசரத்திலும் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஃபைலை எடுத்து வந்திருந்தார். இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டி, இதுல எல்லாம் இருக்கு டாக்டரம்மா என்றார். டாக்டர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“வேப்பெண்ணெய்க்கு ஆளு இப்படி ஆகமாட்டாரு. உண்மையில என்ன அடிச்சீங்க?”

வெள்ளைக் கேன் என்றார் கங்காணி. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர், நர்ஸ், அவன் மனைவி. எனக்கு இரண்டடி தள்ளி மச்சான்.

நான் மச்சானைப் பார்த்தேன். மூன்று பெயர்களும் நாக்கு நுனியில் இருந்தன. கட்டிலில் கிடந்தவனின் கால் விரல்கள் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, மச்சான் இப்போது வெளியே போகமாட்டாரா என்று யோசித்தேன். பிற்பாடு வீட்டில் கேட்டபோது கால் நிமிஷம் தயங்கியிருப்பேன் என்று சொன்னேன். அதைவிட அதிகம்.

டாக்டரிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். புரிந்துகொள்ளாமல் என்ன செய்வார்? தோட்டத்து முதலாளி விஷத்தின் பெயரைச் சொல்லத் தனியிடம் கேட்பான் என்று எந்தப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? குரலைத் தாழ்த்தி, மருந்தக் குடிச்சுட்டாரா என்று கேட்டார்.

அவன் மனைவிக்கு அது கேட்டுவிட்டது. அவள் கத்தவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு குடிக்கலம்மா. காலைல எங்கூடத்தான் பழைய சோறு சாப்ட்டாரு. எதுக்குக் குடிக்கணும்?”

அதற்குப் பிறகுதான் சொன்னேன். அப்போதும் வாய்விட்டுச் சொல்லவில்லை, டாக்டரின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மூன்று பெயரையும் முணுமுணுத்தேன். அவர் ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நர்ஸ் எழுதிக்கொள்வதற்காக மூன்றையும் ஒவ்வொன்றாக வார்டே கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

மச்சானின் முகம் தொங்கிப்போனது.

“இதத்தான மாப்ளே நானும் அடிக்கிறேன்” என்றார்.

ஏமாந்துபோன குரல். நானும் ஏமாந்துதான் நின்றேன். ஒரே கடைக்காரன், ஒரே பாட்டில்கள். வெளியே சொல்லிவிடாதீர்கள் அண்ணே என்று அவன் எங்கள் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறான். அவரும் லேபிளைச் சுரண்டி எரித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வீட்டு வெந்நீரும் ஒரே ரகசியத்தில் சுட்டிருக்கிறது.

அன்றே அவனைத் தேனியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் மெஷின் மூச்சு விட்டது, அவன் விடவில்லை. அவன் மனைவி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் எழுந்து நின்றாள். எழுந்திருக்காதே என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. நாலாம் நாள் கண் விழித்தான்.

நான் உடனே பெரிய மனிதனாகிவிட்டேன். டீக்கடையில் உட்கார்ந்து, ஆளைக் காப்பாற்றிவிட்டேன் என்று பேசினேன். செலவெல்லாம் நம்முடையதுதான் என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிற கணக்கில் ஆறு செட் கோட்டும் வாங்கி மலைக்கு அனுப்பினேன். வேப்பெண்ணெய்க்காரர்கள் பத்துப் பேரும் உச்சுக் கொட்டினார்கள். ஆள் கவனமாக அடித்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். காற்றுக்கு எதிரே நின்றிருப்பான் என்றார் இன்னொருவர். உங்கள் கேனில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. மச்சான் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, ஏற்றுமதிக்காரர்கள் அவரிடமும் கேட்கிறார்களாம், அந்த ஃபைலை ஒரு நாள் கொடுத்தால் ஜெராக்ஸ் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். கொடுத்தேன். திரி முறுக்கும் அறையோடு அவர் தோட்டமும் இப்போது பாதுகாப்பாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அவன் தலையணையில் சாய்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான், பேசும்போது தொண்டை கரகரத்தது. மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் கொண்டுபோன பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். நல்லா சாப்பிடு, சோலி எங்கேயும் போயிடாது என்று நான் முதலாளித்தனமாக நாலு வார்த்தை சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக ஒன்று கேட்டான்.

“அந்த மருந்துக்குப் பேரு என்ன மொதலாளி? இங்க டாக்டரு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. ஆறு வருஷமா அடிக்கிறேன். இனிமே எந்தத் தோட்டத்துல விழுந்தாலும் நானே சொல்லிக்கிருவேன்ல.”

அவன் குரலில் கோபம் இல்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்ற தயக்கம்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? மச்சானுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும். அப்படியிருந்தும் என் கழுத்து தானாகத் திரும்பியது. வார்டு வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

அவன் மனைவி கையிலிருந்த சுளையைக் கீழே வைத்தாள்.

“வெளிய யாரும் இல்ல மொதலாளி” என்றாள். “சொல்லுங்க.”