படுத்துக் கிடந்த கோடு

2023 ஜூன் 14, புதன். ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர், இரண்டு துண்டு பாண். ஏழரைக்கு மாத்தளைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் மிளகுக் கடையைத் திறந்தேன். பல்லேகமவிலிருந்து வந்த ஆறு மூட்டைகளின் ஈரத்தை மீற்றரில் பார்த்தேன். ஐந்தில் எண் குறைவு, எடுத்துக்கொண்டேன். ஒன்றைக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னேன்.

பத்து மணிக்கு ஜப்பானிலிருந்து மகள் ஒரு படம் அனுப்பினாள். அணு உலை விபத்து நடந்த இடத்துக்கு அருகிலுள்ள ஊரில், முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அந்த ஊரில் குடியிருப்பவர்கள் கேட்டால் நகரசபை ஒரு சிறு கருவி கொடுக்கும். கழுத்தில் மாட்டிக்கொண்டால், உடம்பில் படும் கதிர்வீச்சை மணிக்கு மணி பதியும். பிறகு மாதக் கணக்கை ஒரு கோடாக வரைந்து தருவார்கள். அவள் அனுப்புவாள்; நான் டயரியில் வரைந்துகொள்வேன். மனைவி இறந்த பிறகு எங்களுக்குள் தவறாமல் நடப்பது அது ஒன்றுதான்.

வேலைக்குக் காட்டோரமாக நடந்து போவாள். அங்கே அளவு சற்றுக் கூடுதல், பயப்படும்படி இல்லை. காலையும் மாலையும் கோடு எழும்பி இறங்கும். இன்று வந்த மே மாதப் படத்தில் பதினொன்றாம் தேதிக்குப் பிறகு எழும்பவே இல்லை. 'குறைந்திருக்கிறது, நல்லது' என்று கையோடிருந்த டயரியில் எழுதினேன். எண் குறைந்தால் நல்லது என்று மிளகு பார்த்துப் பழகிய கண். பகல் சோற்றுப் பொதியைப் பிரித்தபோதுதான் உறைத்தது: அவள் வெளியே போகவில்லை.

உடனே அழைத்தேன். அங்கே மாலை நாலு மணி. வேலையில் இருக்க வேண்டியவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கருவிய வீட்டுல மறந்து வச்சிட்டுப் போறியாம்மா?"

"இல்லப்பா. கழுத்துலதான் கெடக்கு."

"காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல. லீவு போட்டேன், அப்புறம் போகப் புடிக்கல. வாசல் வரைக்கும் போறேன், திரும்பிடுறேன். நீங்க கோட்டப் பார்ப்பீங்கன்னு தெரியும். வாயால சொல்ல வரல."

"சாப்பாடு?"

"போன்ல சொன்னா கடைல இருந்து வாசல்ல வச்சிட்டுப் போவாங்க."

"இப்படி அடைஞ்சு கெடந்தா எப்படிம்மா?"

"நீங்க மட்டும் எங்க போறீங்க? கடை, வீடு, கடை. உங்க கழுத்துல மாட்டினாலும் கோடு படுத்துத்தான் கெடக்கும்."

மாலை வீட்டுக்கு வந்து டயரியில் 'நல்லது' என்ற சொல்லை அடித்தேன்.

மறுநாள் ஐந்தரைக்கு, கேத்தலை அடுப்பில் வைக்கும் முன் அவளை அழைத்து, "சப்பாத்தக் கால்ல மாட்டும்மா, நானும் மாட்டிட்டேன்" என்றேன். போனைக் காதில் வைத்தபடி என் கதவைத் திறந்து, அவள் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை படியில் நின்றேன்.