கட்டுக்குள் கிடந்த நகம்

நர்ஸ்களுக்கு ஒட்டு நகம் போட்டுவிட்டதே ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகம்தான் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நான் பார்த்தேன். அப்போது சிவகாசிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு நான்தான் பொறுப்பு நர்ஸ்.

வார்டைப் புதுப்பித்ததும் விளம்பரப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். நிர்வாகத்தைக் கவனித்தது பெரிய டாக்டரின் மருமகள். மதுரையிலிருந்து ஒரு அழகுக்கலைப் பெண்ணை வரவழைத்து, என் வார்டு நர்ஸ்கள் மூன்று பேருக்கு ரோஸ் நிறத்தில் நீள நகங்களை ஒட்டவைத்தார். நான் மாட்டேன் என்றேன்.

"கேமரால கைதான் சிஸ்டர் தெரியும். உங்க கையைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

பதினாறு வருஷம் சோப்பும் மருந்தும் தின்ற கை அது. என் விரலில் மட்டும் ஒட்டவிடவில்லை. படப்பிடிப்பு முடிந்ததும், நகங்களை எடுத்துவிடச் சொல்லலாமா என்று மருமகளிடம் கேட்டேன்.

"அடுத்த வாரம் இன்னொரு நாள் எடுக்கணும். அதுவரைக்கும் இருக்கட்டும். கிளவுஸ் போட்டுத்தானே வேலை பாக்குறாங்க?"

அன்றே பெரிய டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்கும் தீராத என் கோபத்தில் பாதி என்மேலேயேதான்.

அப்போது வார்டில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளி ஒருத்தி இருந்தாள். நாற்பது வயது இருக்கும். பொறி பட்டு வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தோம். நன்றாகப் பிடித்துவந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

படப்பிடிப்பு முடிந்த மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். கட்டை நானே பிரித்தேன். வாடை முகத்தில் அடித்தது. கடைசித் துணியை எடுத்தபோது, சீழில் ஒட்டிக்கொண்டு ரோஸ் நிறத்தில் ஏதோ கிடந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"என்ன சிஸ்டர் அது? பூ இதழா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு நாள் முன்பு கட்டுப் போட்ட நர்ஸின் ஒட்டு நகம் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க கம்பெனி வாசல்ல, பொறி கிளம்பிரும்னு கொலுசைக் கழட்டுனாத்தான் உள்ள விடுவாக. நைலான் சேலைன்னா வேன்ல ஏறும்போதே இறக்கி விட்டுருவாக. படிக்காத எங்களுக்கே அம்புட்டுச் சட்டம் இருக்கு. நீங்க நகத்தை ஒட்டிக்கிட்டா புண்ணுக்குக் கட்டுப் போடுவீக?"

நகத்தை இடுக்கியால் எடுத்துவிட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

கட்டுப் போட்டவள் சாத்தூர்க்காரி. படிப்பு முடிந்து சேர்ந்த முதல் வேலை. "கிளவுஸ் நுனி கிழிஞ்சு போச்சுக்கா. நகத்தைக் காணோம்னு குப்பைக்கூடை வரைக்கும் தேடுனேன். சொன்னா வேலையை விட்டு எடுத்துருவாகளோன்னு பயம்" என்று அழுதாள். நன்றாகத் திட்டினேன். நகம் உதிர்ந்ததைச் சொல்லாதது அவள் தப்புதான், அதில் மாற்றமில்லை.

ஆனால் மதியம் நிர்வாக அறைக்குக் கூப்பிட்டு மருமகள் சொன்னதைக் கேட்டபோது என் கோபம் வேறு பக்கம் திரும்பியது. "அழகுக்காக நானாவே ஒட்டிக்கிட்டேன்னு அவகிட்ட எழுதி வாங்கிருங்க சிஸ்டர்."

"அது நீங்க ஒட்டவச்ச நகம் மேடம். எடுக்கட்டுமான்னு கேட்டப்போ வேண்டாம்னு சொன்னதும் நீங்கதான்."

"கேஸ் ஷீட்ல அதெல்லாம் எழுதாதீங்க."

"காலையிலேயே எழுதிட்டேன். நான் உங்ககிட்ட கேட்டது, பிறகு சும்மா இருந்தது, அதையும் சேர்த்து."

அந்தக் கேஸ் ஷீட்டைப் பெரிய டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். படித்து முடித்தவர் நேரே வார்டுக்கு வந்து, அவள் கட்டில் பக்கத்தில் நின்று, "தப்பு எங்களோடதும்மா" என்றார். அன்று மாலைக்குள் மற்ற நகங்களையும் எடுத்தார்கள். சாத்தூர்க்காரியின் வேலை தப்பியது. மருமகள் மட்டும் வார்டுப் பக்கமே வரவில்லை.

ஒட்டிய தோலில் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டுவிட்டது. இன்னொரு தொடையிலிருந்து திரும்பவும் தோல் எடுத்தோம். ஆடிக் கடைசி வெள்ளியன்று அவள் எங்கள் வார்டில்தான் கிடந்தாள். வீட்டுக்குப் போகும்போது விரல்களை மடக்க முடிந்தது. மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை.

இப்போது விருதுநகரில் நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒருத்தி எழுந்து, "நகம் வளக்கிறது எங்க இஷ்டம்தானே மேடம்? கிளவுஸ் போடுறோமே?" என்றாள். கல்யாண வீட்டில் எத்தனை நீளம் வேண்டுமானாலும் வளர்த்துக்கொள், வார்டில் அந்த இஷ்டம் உனக்கு இல்லை என்றேன். இரண்டாவது முறை தோல் எடுத்த தொடைக்குக் கட்டுப் பிரித்தபோது, அந்தப் பட்டாசுத் தொழிலாளி துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

கேள்வி கேட்டவள் மெல்லக் கையை மேசைக்கு அடியில் ஒளித்தாள். பையிலிருந்து நகவெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.