ரொக்கெட்டுக்குள் வைத்த தேசிக்காய்

அன்றைக்கு மட்டக்குளி மைதானத்தில் நின்றது நான். என் மனிசி. அவளுடைய அக்கா. எங்கள் கொட்டாஞ்சேனை தொடர்மாடியில் கீழே சைக்கிள் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா. பிறகு மைதானத்துக் காவல்காரர், சிங்களவர். வேறு ஒருத்தரும் இல்லை. போன வருசம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

நான் த்ரீவீல் ஓடுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன்.

மனிசி வேலை செய்த கார்மெண்ட் ஃபக்டரி மூடிப்போனது. அதற்குப் பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். சமைப்பாள், திரும்பப் படுப்பாள். கதை இல்லை. என்ன கேட்டாலும் "ஓம்" மட்டும்.

அந்த நேரம் வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் அவுஸ்திரேலியா போனது. சாமான் ஏற்றி இறக்கியது நான். வீட்டுக்காரர் ஒரு பெட்டியைத் தந்தார், வேண்டுமானால் கொண்டு போங்கள் என்று. பெட்டியில் ரொக்கெட் படம். பழைய காலத்துக் கலண்டர் படம் மாதிரி, வெள்ளை உடம்பு, சிவப்பு மூக்கு, கீழே பெரிய செட்டைகள். உள்ளே மட்டைக் குழாய், மெல்லிய பலகைத் துண்டுகள், குட்டிப் பரசூட் ஒன்று. எஞ்சின் இல்லை. அது வெடிமருந்து வைத்த சாமான், இங்கே கொண்டுவர விடமாட்டார்கள் என்றார்.

வீட்டில் மேசையில் வைத்தேன். அடுத்த நாள் வந்து பார்த்தால் அவள் நிலத்தில் குந்தியிருந்து செட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இது மேல போகுமா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவோ நாள்.

"தெரியாது" என்றேன்.

எஞ்சினுக்கு வழி சொன்னது நானா. சோடாப் போத்தலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வால்வு வைத்த றப்பர் மூடியால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் மூடி கழன்று போத்தல் பறக்கும் என்றார். போத்தல் குழாய்க்குள் சரியாக இறங்கியது.

தொடர்மாடி முழுக்கக் கதை பரவிவிட்டது. படியேறும்போது பெண்கள் கேட்பார்கள்: "என்னக்கா, சந்திரனுக்கு டிக்கட் எவ்வளவு?" அவள் சிரிக்கவில்லை. ஆனால் படுக்கவும் இல்லை.

முதல் தடவை விட்டது நான் சொன்ன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு. தென்னை உயரம்கூட இல்லை, காற்றில் கரணம் அடித்து மூக்கால் குத்தி விழுந்தது. குழாய் மடிந்தது. ஒரு செட்டை பறந்தது. அவள் பொறுக்கிக்கொண்டு வந்து த்ரீவீலில் ஏறினாள். பழைய கலியாண அழைப்பு மட்டையை வெட்டிச் சுற்றி ஒட்டினாள். இன்னொரு தரம் விழுந்தால் ஒட்டுவதற்கு உடம்பில் இடம் இல்லை. வேறு குழாய்க்கு இங்கே கடையும் இல்லை. இது போனால் அவள் திரும்பச் சுவர்ப்பக்கம் போவாள் என்று எனக்குப் பயம்.

இந்தத் தடவை அக்காவும் வந்தா. கையில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோர்த்த நூல், திருஷ்டிக்குக் கட்டுகிற எலுமிச்சைதான். என் த்ரீவீல் முன்னுக்குத் தொங்குகிறதும் அவ கட்டினதுதான்.

"புது வாகனம். ஒண்டும் கட்டாம விட்டா விழாம என்ன செய்யும்? ஊர்க் கண் முழுக்க இதிலதான்."

"அக்கா, ஒரு பக்கம் தொங்கினா சரியும்" என்றாள் மனிசி.

"அப்ப உள்ளுக்கு வை."

"இது என்ன, கறிச்சட்டியா?"

"வைக்காட்டி நான் நடந்தே வீட்ட போறன்."

மனிசி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் மிளகாயைக் கழற்றி எறிந்தாள். தேசிக்காயை மட்டும் மூக்குக்குள் வைத்து, ஆடாமல் கடதாசி அடைத்தாள்.

நானா பம்பைப் பிடித்தபடி சிரித்தார். "தங்கச்சி, முன் சீட்டில ஆள் ஏறியாச்சா?"

காவல்காரர் வந்தார். "மொகத மே?" என்று கேட்டார், என்ன இது என்று. "ரொக்கட் எகக், அய்யே. வெடி இல்ல, வத்துர" என்று நானா தண்ணீர்ப் போத்தலைக் காட்டினார். அவர் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவரும் நின்றார்.

நானா அடித்தார். மூடி எப்போது கழலும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அடிக்க அடிக்கப் போத்தல் நெறுநெறுத்தது. அக்கா காதைப் பொத்தினா. மனிசி கண்ணை மூடவில்லை.

டப் என்றது. நானா தண்ணீரில் குளித்தார். நான் மேலே பார்த்தேன். நேராகப் போனது. கோடு கீறின மாதிரி. தென்னையைத் தாண்டி, மைதான லைட் தூணைத் தாண்டி, வேகம் குறைந்து, அப்படியே நின்றது. மூக்கு கழன்றது. பரசூட் விரிந்தது.

முதலில் விழுந்தது தேசிக்காய். அக்காவுக்குப் பக்கத்தில், தொப்பென்று.

"பாத்தியா? வேலை முடிஞ்சுது, இறங்கிட்டுது" என்றா அக்கா. காவல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ரொக்கெட் ஆறுதலாக வந்து புல்லில் படுத்தது. ஒரு கீறல் இல்லை. நான் அதை எடுக்கப் போனேன். மனிசி தேசிக்காயை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து ரொக்கெட்டின் நடுவில் நூல் கட்டித் தூக்கினாள். வால் கீழே போனது. தேசிக்காயை மூக்குக்குள் வைத்துத் தூக்கினாள். மூக்கு கீழே போனது. எடுத்தாள், வைத்தாள். சோறு ஆறிப்போனது.

"இஞ்ச பாருங்க" என்றாள். "தலை பாரமா இருக்கோணும். அதான் போன கிழமை கரணம் அடிச்சது."

"அது சாமிட பாரம்" என்றா அக்கா அடுப்படியில் இருந்து.

எது சரி என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

தேசிக்காய் காயும், பாரம் குறையும், அதே அளவுக்குக் களிமண் வைக்கவேணும் என்று மனிசி பின்னேரம் செருப்பைப் போட்டாள். தானாக, நான் கூப்பிடாமல். மளிகைக் கடையில் தராசில் வைத்தாள். "ஒரு தேசிக்காயையா நிறுக்கிறீங்க?" என்றான் கடைக்காரன். அவள் அவனைப் பார்க்கவில்லை. தராசில் வந்த நம்பரைத்தான் பார்த்தாள்.

இப்போது தையல் வேலைக்குப் போகிறாள். ஞாயிறு வந்தால் மைதானம். படுத்துக் கிடந்த ஒரு ஆளை எழுப்ப எவ்வளவு பெரிய சாமான் வேண்டும் என்று அந்த மாதங்களில் நான் யோசித்துக்கொண்டே ஓடினேன். இப்போது கேட்டால் சொல்வேன்.

முப்பத்தெட்டு கிராம்.