டில்லியின் ஒன்பதாவது வண்டி

டில்லி போய்விட்டான்... நேற்றுக் காலை, ராயபுரத்தில் அவன் வீட்டில். காப்பி கேட்டிருக்கிறான். மகள் செல்வி டம்ளரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது.

இதை நானே எழுதுகிறேன். எழுபது வயதில் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன், போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தொட வேண்டியிருக்கிறது. காலையில் உட்கார்ந்தேன், இப்போது பகல் சாப்பாட்டு நேரம்.

என் முதல் பெரிய போஸ்ட் இது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்கவில்லை. டில்லி இருந்தால் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பான்.

நாங்கள் காசிமேட்டில் படகு இழுக்கிறவர்கள். ரிப்பேருக்கு வரும் படகைக் கயிறு கட்டிக் கரையேற்றுவது வேலை. டில்லி குரல் கொடுப்பான், நாங்கள் இழுப்போம்.

குரல் கொடுக்கிறவன் கயிற்றைப் பார்க்க மாட்டான், கடலைப் பார்ப்பான். அலை வந்து படகைத் தூக்கும் நேரத்தில்தான் குரல் வரும். அதுவரை ஒருத்தனும் இழுக்கக் கூடாது.

இரண்டு வருடம் முன்னால் கவிதா மேடம் எங்களைத் தேடி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிற ஒரு குரூப் அவருடையது. ஆந்திரா எல்லைப் பக்கம் மலைக்காட்டில் பழைய வண்டிகள் கிடக்கின்றன... உருண்டு விழுந்தது, திருடிக் கொண்டுபோய்ப் போட்டது, யாரும் எடுக்காதது. ஆயிலும் துருவும் மான் குடிக்கிற ஓடையில் இறங்குகிறது.

காட்டிலாகா அனுமதி கிடைத்துவிட்டது, இழுக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை என்றார்.

நான் யோசித்தேன். டில்லி "எந்த மல மேடம்?" என்று மட்டும் கேட்டான். பெயரைச் சொன்னதும் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினான்.

"டேய், ஞாயித்துக்கெழமடா. இன்னிக்கு செவ்வா" என்றேன்.

முதல் வண்டி ஒரு பழைய அம்பாசிடர். காசிமேட்டு ஆட்கள் ஆறு பேர் முன்னால், கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் பின்னால். கயிற்றைப் பிடித்து நிற்கிறோம்... நிற்கிறோம்... டில்லி குரல் வரவில்லை.

"அண்ணா, எதுக்கு வெயிட் பண்றோம்?" என்று ஒரு பெண் கேட்டது.

"அலைக்கும்மா" என்றான் டில்லி. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. எங்கள் ஆறு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

சிரித்த சிரிப்பில் குரங்குகள் மரம் மாறின. அன்றிலிருந்து குரூப்பில் அவன் பெயர் அலை அண்ணா.

ஆனாலும் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அலை நேரம் நின்றுதான் குரல் கொடுத்தான். "அல இல்லன்னா இன்னா? அல்லாருக்கும் மூச்சு ஒண்ணா சேர்தில்ல" என்பான். எட்டு வண்டிகள் அப்படித்தான் ரோட்டுக்கு ஏறின.

ஒன்பதாவது ஒரு மினி லாரி. பள்ளத்தில், ஓடைக்குள். டில்லி என்னை மட்டும் கூட்டிக்கொண்டு இறங்கினான். கண்ணாடிக்கு மேலே இருந்த பாசியை உள்ளங்கையால் துடைத்தான்.

"மாமு, நீதான் படிக்கிறியே. இன்னா எழுதிக்கீது, படி."

வகுப்பில் சேர்ந்து நாலு மாதம்தான். பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. செ... ல்... வி. வகுப்புக்கு வெளியே நான் படித்த முதல் சொல். குதிக்காத குறை. "டேய், உன் பொண்ணு பேருடா" என்றேன்.

டில்லி சிரிக்கவில்லை. "என் வண்டிதான் மாமு" என்றான்.

படகுக்கு வருவதற்கு முன் அவன் மீன் லாரி ஓட்டினான் என்று தெரியும். ஏன் விட்டான் என்று அன்றுதான் சொன்னான். செல்வி பிறந்த வாரம் பெயிண்டரை வைத்துப் பெயர் எழுதியிருக்கிறான். அடுத்த மாதம் மேலே ரோட்டு வளைவில் பிரேக் போய்விட்டது. கிளீனரைத் தள்ளிவிட்டுத் தானும் குதித்தான். ஓனர் வந்து எட்டிப் பார்த்து, "கெடக்கட்டும் வுடு" என்று போய்விட்டார். டில்லி அதற்குப் பிறகு ஸ்டியரிங் தொடவில்லை.

"கொயந்த பேர எழுதி காட்ல போட்டுட்டு வந்துட்டேன் மாமு. முப்பது வருசமா கண்ண மூடுனா இதான் நிக்குது. எவன்கிட்டயும் சொல்லாத. மேல ஏத்திட்டு நானே அவள இட்டாந்து காட்றேன்."

ஏற்ற முடியவில்லை. மரத்தில் கயிறு கட்டக் கூடாது என்றார் வனக்காவலர், அது நியாயம். கரையில் என்றால் ஒரு கட்டையை மணலில் புதைத்து அதில் கயிறு ஓடும் கப்பி மாட்டுவோம். இங்கே ஒரு முழம் தோண்டினால் பாறை. கேஸ் வைத்து வெட்டி எடுக்கலாம் என்றால் காட்டில் நெருப்பு ஆகாது.

மூன்று ஞாயிறு போனோம். மூன்றாவது ஞாயிறு, எல்லாரும் வேனில் ஏறிய பிறகும் அவன் பாறையைக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தான். கவிதா மேடம் இறங்கிப்போய் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

"மழை முடியட்டும்ணா" என்றார்.

"முடிஞ்சா மொத வேல இதான் மேடம்."

மழை முடிந்தது. அவன் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்துவிட்டான். போன வாரம் பார்க்கப் போனபோது "வண்டி?" என்றான். "கீதுடா" என்றேன்.

இன்று காலை மேடத்துக்குப் போன் பண்ணினேன். அழுதார். ஒன்பதாவதை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டோம் ஐயா, யாராலும் முடியாது என்றார். அவர் சொல்வது சரிதான். எனக்கும் ஒரு வழியும் தெரியவில்லை.

செல்வி, உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். உன் பெயர் அங்கே இருக்கிறது. நான் படித்தேன்.

நேற்று சாயங்காலம் மூலக்கொத்தளம் இடுகாடு. குழிக்கு மேலே கயிறு பிடித்தது அதே ஆறு பேர். "எறக்குங்கப்பா" என்றார் குழி வெட்டியவர். ஒருத்தனும் கயிற்றை விடவில்லை.

"இன்னாத்துக்குப்பா நிக்கிறீங்க?"

ஒரு அலை நேரம் நின்றோம். பிறகு இறக்கினோம்.

போய் வாடா டில்லி...