சைக்கிள் சீட்டுக்குக் கட்டிய பட்டு

நாகேஸ்வரனுக்கு உத்தியோகம் கிடையாது. ஆனால் உத்தியோகம் தேடுவது எப்படி என்று சொல்வதில் கரமனை அக்கிரகாரத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் யோசனை கேட்டுப்போன பதினொரு பேர் சர்க்கார் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் ரயில்வேயிலும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மூன்று வீடுகளில் காலைப் பூஜை பண்ணி, கிடைத்த அரிசியில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தமெல்லாம் அவர் மனைவி வாலாம்பாளுக்குத்தான்.

அவருடைய அபிப்பிராயங்கள் பிரசித்தம். அதிகாரியைப் பசி வேளையில் பார்க்கக் கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்ட வேளையிலும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு முக்கால் மணி நேரம் உண்டு, உத்தியோகம் என்பது அந்த முக்கால் மணியில்தான் கிடைக்கும். இரவல் வாங்கிய குடையை மழை நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த தடவையும் கிடைக்கும். சைக்கிளில் போகிறவன் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, மாட்டையும் பார்க்கக் கூடாது. எதைப் பார்க்கிறானோ அதன்மேல்தான் போய் மோதுவான்.

இதில் கடைசி விஷயத்துக்கு ஓர் உபபிரிவும் வைத்திருந்தார். சைக்கிள் சீட்டு தோல். குளித்து மடியாக இருக்கிறவன் தோலைத் தொட்டால் மடி போச்சு. பட்டுக்கோ தீட்டுக் கிடையாது. ஆகவே சீட்டின்மேல் ஒரு துண்டுப் பட்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்தால் ஆசாரமும் நிற்கும், ஆபீசுக்கும் நேரத்தோடு போகலாம். பதினொரு பேரும் இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். சொன்னவர் மட்டும் அதுவரை சைக்கிளில் ஏறியதில்லை.

நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாலாம் வருஷம், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், சைக்கிள் விடத் தெரிந்திருக்க வேண்டும். நாகேஸ்வரனுக்கு அப்போது முப்பத்தொன்பதே முக்கால். யாருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று அவர் தெருவில் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது வாலாம்பாள் வந்து எதிரில் நின்றாள்.

"இந்த மனுவை வேற யாருக்கும் எழுதாதேங்கோ. உங்க பேரைப் போட்டு எழுதுங்கோ. பூஜை அரிசியை உலையில போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போச்சு. இதுவும் போச்சுன்னா இனிமே வயசு இல்லை."

அவர் எழுதினார். பரீட்சைக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. பிறகு அவர் வாலாம்பாளிடம் ஒரு துண்டுப் பட்டு கேட்டார். வீட்டில் பட்டென்று மிச்சம் இருந்தது அவளுடைய கூறைப் புடவை ஒன்றுதான். அவள் அதன் ஓரத்தில் ஒரு முழம் கத்தரித்துக் கொடுத்தாள்.

வாடகைச் சைக்கிள் எடுத்து, பாலத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் ஆறு நாள் பழகினார். சைக்கிள் சொன்னபடி கேட்டது. பட்டுதான் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் வழுக்கி முன்னால் கொண்டுபோய்விட்டது, அல்லது பின்னால். வாடகைச் சீட்டு அப்படித்தான் இருக்கும், சர்க்கார் சீட்டு ஒழுங்காக இருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டார்.

பரீட்சை நாளில் இரண்டு வீட்டுப் பூஜையை முடித்து, மூன்றாவது வீட்டுக்குப் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, மடியோடு ஆபீசுக்குப் போனார். வேலாயுதன் என்கிற மலையாளி ஓவர்சியர் முற்றத்தைக் காட்டி, "ரெண்டு தவணை கீழே விழலாம், மூணாவது விழுந்தா வீட்டுக்குப் போகணும், கேட்டோ" என்றார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற குமாஸ்தா பட்டாபி, நாகேஸ்வரனிடம் யோசனை கேட்ட பதினொரு பேரில் ஏழாவது ஆள்.

நாகேஸ்வரன் பட்டைச் சீட்டில் சுற்றி வாழைநாரால் கட்டினார். ஏறினார். கிணற்றடியில் விழுந்தார். மறுபடி ஏறினார், கொடிக்கம்பத்தடியில் விழுந்தார். சர்க்கார் சீட்டும் அப்படியேதான் இருந்தது.

சைக்கிளைத் தூக்கி நிறுத்த ஓடிவந்த பட்டாபி, ஓவர்சியருக்குக் கேட்காதபடி, "அண்ணா, பட்டைக் கழட்டுங்கோ" என்றான்.

"அப்போ நீ எப்படிடா விட்டே?"

"தோல் மேலதான் உக்காந்தேன். ஆத்துக்குப் போய்க் குளிச்சேன். பதினொரு பேரும் அப்படித்தான் அண்ணா. நீங்க ஆசையாச் சொன்னேள், இல்லேன்னு சொல்ல மனசு வரலை."

நாகேஸ்வரன் எழுந்து வேஷ்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். கண் கலங்கியது, விழுந்த வலி என்று வைத்துக்கொண்டார். வாழைநாரை அறுத்து, பட்டை மடித்து இடுப்பில் சொருகினார். தோல் சீட்டில் உட்கார்ந்து முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். ஒரு சுற்றுப் போதும் என்று வேலாயுதன் சொன்னது அவர் காதில் விழவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்றது மட்டும் விழுந்தது.

கரமனை ஆற்றில் முங்கி, ஈர வேஷ்டியோடு மூன்றாவது வீட்டுப் பூஜையையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வேலை கிடைத்ததைச் சொன்னார். விழுந்ததையும் சொன்னார். அழுக்கான பட்டை எடுத்து வாலாம்பாளிடம் கொடுத்து, இது தேவையே இருக்கவில்லை, குளித்தால் போதுமாம் என்றார்.

"தெரியுமே" என்றாள் அவள்.

"தெரிஞ்சுமா கூறைப் புடவையைக் கத்தரிச்சே?"

"உத்யோகத்துக்குன்னேள், கத்தரிச்சேன். பட்டுதானே கேட்டேள். யோசனை கேக்கலையே."

பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் யோசனை எல்லாம் வாசல் பக்கமாகவே போய்க்கொண்டிருந்ததை நாகேஸ்வரன் அன்றைக்குத்தான் கவனித்தார். அவள் பட்டைத் தண்ணீரில் அலசி, கொடியில் போட்டு, மடிப்பு விழாமல் இழுத்துவிட்டாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"வாலா, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினா நன்னா இருக்கும்?" என்று கேட்டார்.